பி.இ. விண்மீன்கள்: கேள்வியும் பதிலும்

கே: பி.இ. விண்மீனைச் சுற்றி வாயு வட்டு உருவானால், காமா கசியோப்பியா என்ற விண்மீன் பொலிவேறுகிறது, ப்ளையோனி என்ற விண்மீன் மங்குகிறது. இது முரண் அல்லவா?

ப: அல்ல, நாம் பார்க்கும் கோணம் வேறு. பி.இ. விண்மீன் என்பது வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீன். அது தன் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து வெளியேற்றும் வாயு வட்டாகப் பரவி, விண்மீனின் புறஊதா ஒளியை ஏற்றுத் தானும் ஒளிர்கிறது. ப்ளையோனியைப் போல விளிம்புவாக்கில் பார்த்தால் மட்டும் அதே வட்டு விண்மீனை மறைக்கிறது. காமா 1937இல் ஒளியளவில் (எண் குறைந்தால் பொலிவு கூடும்) ஏறக்குறைய 1.6 வரை பொலிந்து, 1940 வாக்கில் 3 அளவுக்கு இறங்கி, பல பத்தாண்டுகளில் மெல்ல 2.2க்குத் திரும்பியது.

கே: அந்த வட்டில் கோள்கள் பிறக்குமா?

ப: பிறக்கா. விண்மீன் தானே உமிழ்ந்த வாயு அது. சில ஆண்டுகளில் கலைந்துபோகவும் கூடும்.

கே: திருவாதிரை 2019இல் மங்கியதும் இத்தகைய வட்டினால்தானா?

ப: திருவாதிரை குளிர்ந்த செம்பெருவிண்மீன், அதை மங்கச் செய்தது தூசு. வெப்ப விண்மீன்களைப் பற்றிய பகுதிக்கு எழுதுமுன் விண்மீனின் நிறமாலை வகையையாவது (அது வெப்பமானதா, குளிர்ந்ததா என்று காட்டும் வகைப்பாடு) பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: அனுஷத்தின் நடு விண்மீனான டெல்டா விருச்சிகத்தைக் கேட்டையோடு ஒப்பிட்டேன், ஒரே வாரத்தில் அரை ஒளியளவு மாற்றம் கண்டேன். இதைப் பதிவு செய்யலாமா?

ப: கூடாது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். ஆனாலும் இதே பிழையோடு கடிதங்கள் வருகின்றன. கேட்டை தானே மாறும் விண்மீன். அதோடு, சிவந்த விண்மீனை உற்றுநோக்க நோக்க அது கூடுதல் பொலிவாகத் தோன்றும் என்பதால், நீங்கள் கண்ட அரை ஒளியளவு மாற்றம் உங்கள் கண்ணில் நிகழ்ந்ததா, வானில் நிகழ்ந்ததா என்று யாராலும் பிரித்தறிய முடியாது. நிறம் ஒத்த விண்மீன்களையே எடுங்கள்: அருகிலுள்ள பீட்டா விருச்சிகம் (சுமார் 2.5), மூலத்தின் லாம்டா (சுமார் 1.6). லாம்டா தெற்கே தாழ்ந்திருப்பதால் விருச்சிகம் உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள். நீண்டகாலம் மாறாதது என்று கருதப்பட்ட டெல்டா, வழக்கமான 2.3ஐ விடச் சற்றே பொலிந்திருந்ததை 2000ஆம் ஆண்டின் நடுவில் அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஒட்டேரோ வெறுங்கண்ணால் கண்டறிந்தார். ஒப்பீடு சரியாக இருந்தால் வெறுங்கண்ணே போதும். ஒப்பிட்ட விண்மீனின் பெயரும் நேரமும் இல்லாத மதிப்பீடு எவருக்கும் பயன்படாது.

கே: டெல்டாவின் எழுச்சிக்குத் துணை விண்மீன் காரணமா?

ப: சுமார் 10.8 ஆண்டுக்கு ஒருமுறை துணை நெருங்குகிறது. 2000இல் காலம் பொருந்தியது. 2011இல் அத்தகைய எழுச்சி இல்லை. துணையை மட்டும் காரணமாக்க முடியாது.

கே: எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

ப: வாரம் ஒருமுறை போதும், ஆனால் பல ஆண்டுகள் விடாமல் பார்க்க வேண்டும். கார்த்திகைக் கூட்டத்திலுள்ள ப்ளையோனியில் வட்டு உருவாகிக் கலையும் சுழற்சி சுமார் 35 ஆண்டு என்பதால், பழைய குறிப்பேடுகளைக் கழித்துவிடாதீர்கள். ஒப்பிட்ட விண்மீனின் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.