காய்பா தலையில் விழுந்த பழி

கேள்வி: செசில் பி. டிமில்லின் ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ என்ற 1927ஆம் வருஷத்து மௌனப்படம் பார்த்தேன்; இயேசுவின் கதை. மத்தேயு சுவிசேஷத்தில், இயேசுவின் சாவுக்கான “இரத்தப்பழி எங்கள்மேல்” என்று கத்துவது யூத ஜனக்கூட்டம். படத்திலோ யூதர்களின் பிரதான ஆசாரியர் காய்பா ஒருவரே பழியை ஏற்கிறார். வேதத்தை இப்படி மாற்றலாமா?
– வாசகி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: கவனமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை அடித்தார்கள். அமெரிக்காவும் யோக்கியமில்லை. 1915இல் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரைச் சிறையிலிருந்து தூக்கிப்போய் மரத்தில் தொங்கவிட்டது ஒரு கும்பல். யூதர்களை வசைபாடிப் பத்திரிகை நடத்திய கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு மன்னிப்புக் கேட்டதும் இந்தப் படம் வந்த அதே வருஷம்தான்.

டிமில்லுக்கு இந்தச் சூடு தெரியும். அதனால்தான் ரோம ஆளுநர் பிலாத்து, இயேசுவின் சாவில் தனக்குப் பங்கில்லை என்று கை கழுவும்போது, பழி என் ஒருவன் மேலேயே இருக்கட்டும் என்கிறார் காய்பா. இயேசு சிலுவையில் இறந்து பூமி அதிர்ந்ததும், குற்றவாளி நான் மட்டும்தான், என் ஜனத்தைத் தண்டிக்காதேயும் என்று ஆண்டவரிடம் கெஞ்சுகிறார். யூதர்கள் ரோமுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள், பிரதான ஆசாரியரை நியமித்ததுகூட ரோம்தான் என்று ஆரம்பத்திலேயே ஒரு டைட்டில் கார்டு (மௌனப்படத்தில் திரையில் காட்டும் எழுத்து) வேறு.

அப்படியும் யூத அமைப்புகள் கொதித்தன; சில இடங்களை வெட்டினார்கள். கொதித்தது நியாயம் என்றே சொல்வேன். காய்பாவை அறிமுகப்படுத்தும் கார்டை இன்னொரு முறை படியுங்கள். அவருக்கு மதத்தைவிட வருமானம்தான் பெரிதாம். இயேசுவால் ஆலய லாபம் போய்விடும் என்று பயமாம். காசுக்கு அலையும் யூதன் என்ற அதே பழைய வசை! ஜனத்தின் தலையிலிருந்து இறக்கிய பழியை, அந்த ஜனத்தைப் பற்றிய கேலிச்சித்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் காய்பாவாக நடித்த ரூடால்ஃப் ஷில்ட்கிராட், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக நடித்த அவர் மகன் ஜோசப் இருவருமே யூதர்கள். டிமில்லின் தாயாரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

வேதத்தை மாற்றலாமா என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் வசனம் மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது. மாற்கு, லூக்கா, யோவான் மூவரும் அதை எழுதவேயில்லை. அதிருக்கட்டும், படத்தின் ஆரம்பத்தில் மகதலேனா மரியாள் தன் காதலன் யூதாஸைத் தேடி வரிக்குதிரை பூட்டிய ரதத்தில் கிளம்புகிறாளே, அது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது? அதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!