நுகர்வோர் கேள்வி-பதில்: கோடு போனது பனியாலா, பெயிண்டராலா?

கேள்வி: ஊட்டியில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறோம். முன்புறம் சிமென்ட் தளம், 12 கார் நிற்கும். போன அக்டோபரில் வெள்ளை எனாமல் வாங்கிக் கொடுத்து பார்க்கிங் கோடு போட வைத்தோம். ஜனவரி முடிவதற்குள் பாதி மங்கிவிட்டது, மீதி அப்பளம் மாதிரி உரிந்து வருகிறது. பெயிண்டரைக் கேட்டால், "உறைபனிக்கு நான் என்ன சார் பண்றது?" என்கிறார். கோவையிலிருந்து வந்த இன்னொருவர், ரோட்டில் சூடாகக் காய்ச்சி ஊற்றுவார்களே, அந்தத் தெர்மோபிளாஸ்டிக் போட்டால்தான் நிற்கும் என்று ரன்னிங் அடி (நீளத்தை மட்டும் அளக்கும்) கணக்கில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சீசனுக்குள் முடிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவது அப்புறம். முதலில் உரிந்து கிடக்கும் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சையாகப் பாசியோ மண் தூசோ ஒட்டியிருந்தால் தளத்தைத் தேய்த்துக் கழுவாமல் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் பொடி கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தால் தளமே மேலாக நொறுங்குகிறது, பெயிண்டர் மேல் பாதிப் பழிதான். வழவழவென்று சோப்பு மாதிரி இருந்தால் நீங்கள் வாங்கிக் கொடுத்த சரக்கே தப்பு. சிமென்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால் எனாமலில் உள்ள எண்ணெய் சோப்பாக மாறி, பிடி விட்டுவிடும். கதவுக்கும் கிரில்லுக்கும் பூசுகிற பெயிண்டைத் தரைக்குப் பூசினால் சமவெளியிலும் இதே கதைதான்.

மங்கிய கோடுகளுக்குச் சோதனை வேறு. கறுப்புத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி அப்பினால் அது வெயிலின் வேலை. நம் உயரத்தில் குளிர் தெரிகிற அளவுக்கு வெயில் தெரியாது. ஆனால் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட இங்கே அதிகம், அது பெயிண்டின் பசையைத் தின்றுவிடும். பொடி விடும் கோட்டை நன்றாகக் கழுவிவிட்டு மேலேயே பூசலாம். உரிகிற கோட்டின் மேல் எதைப் பூசினாலும் பழசோடு சேர்ந்து புதுசும் வந்துவிடும். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

உறைபனிக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். கோட்டுக்கு அடியில் தங்கிய ஈரம் ராத்திரி உறைந்து, காலை வெயிலில் உருகி, மறுபடி உறைந்தால் பெயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிவிடும். ஆனால் அந்த ஈரம் அடியில் எப்படிப் போனது? அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை நடக்கும்போது பூசியதால். அந்த மாதத்தில் பூசச் சொன்னது நீங்களா, சரி என்று ஒப்புக்கொண்டது அவரா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. 12 காருக்கு 13 கோடு. ஒவ்வொன்றும் 5 மீட்டர், ஆக 65 மீட்டர். கோட்டின் அகலம் 10 செ.மீ. என்றால் மொத்தப் பரப்பு வெறும் ஆறரைச் சதுர மீட்டர்தான். ஒரு சின்ன அறையின் தரை அவ்வளவு வரும்! ரோடு மார்க்கிங் பெயிண்டை லிட்டருக்கு 4 சதுர மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஈரப் படலமே கால் மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அப்படிப் பார்த்தால் இரண்டு பூச்சுக்கு மூன்றேகால் லிட்டர், அதாவது ஒரு 4 லிட்டர் டப்பா போதும். ஒரு லிட்டரில் முடித்துவிட்டேன் என்று பெயிண்டர் பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். குளிரில் பெயிண்ட் கெட்டியாகும், ரோலர் ஓடாது, உடனே தின்னரை ஊற்றுவார்கள். டப்பாவை முதல் நாள் ராத்திரி அறைக்குள், அடுப்பு, ஹீட்டர் பக்கம் போகாமல் வைத்திருந்தாலே அந்தத் தின்னர் பாதி மிச்சமாகும்.

தெர்மோபிளாஸ்டிக் நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. 180 முதல் 200 டிகிரி வரை காய்ச்சி, இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றுகிறார்கள். பெயிண்டைப் போல எத்தனையோ மடங்கு கனம். உங்கள் ஆறரைச் சதுர மீட்டருக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ என்று வைத்தாலும் 33 கிலோ, 25 கிலோ மூட்டை இரண்டு. அந்த இரண்டு மூட்டைக்காக ஒரு பாய்லர், கேஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி வர வேண்டும். நீங்கள் கொடுக்கப்போகும் காசில் பெரும்பங்கு வண்டி வாடகையும் கூலியும்தான். ஆகவே தனியாகக் கூப்பிடாதீர்கள். உங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து லாட்ஜ் இருக்குமே, எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் கட்டுப்படியாகும். ஆள் சேரவில்லையென்றால் அக்ரிலிக் அல்லது குளோரினேட்டட் ரப்பர் வகை ரோடு மார்க்கிங் பெயிண்ட் வாங்கி, வருஷத்துக்கு ஒரு முறை தொட்டுப் பூசிக்கொள்ளுங்கள். 12 காருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

தெர்மோபிளாஸ்டிக்தான் என்று முடிவு செய்தால் கொட்டேஷனைத் திருப்பி எழுதி வாங்குங்கள். 'ரன்னிங் அடி' என்று மட்டும் இருந்தால் அகலம் என்ன? நான்கு அங்குலம் என்று நீங்கள் நினைத்திருக்க, மூன்று அங்குலம் வந்து இறங்கும். நாலில் ஒரு பங்கு போச்சு. சதுர மீட்டர் கணக்கில், கனத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சிமென்ட் தளம் என்பதால் அடியில் பிரைமர் கட்டாயம், அது விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். ஈரத் தரையில் சுடச்சுட ஊற்றினால் ஆவி கிளம்பிக் கொப்புளம் விடும். சில்லிட்ட தரையில் ஊற்றினால் ஒட்டுவதற்குள் இறுகிவிடும். அதனால் காலை எட்டு மணிக்கே வேலையை ஆரம்பிக்கிற ஆளாக இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

எது போட்டாலும் தரை காய்ந்திருக்க வேண்டும். கண்ணுக்குக் காய்ந்த மாதிரி தெரிவது போதாது. ஒரு பழைய ரெயின்கோட்டை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி (நம் மாவட்டத்தில் பாலிதீன் பையைத் தேடி நான் உங்களை அனுப்ப முடியாது), நான்கு ஓரத்தையும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால், தளம் கறுத்திருந்தால், இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்துக் கேரட் பாத்திக்கோ ஓடைக்கோ போகக் கூடாது.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை உங்களுக்கு நல்ல காலம். உறைபனி விட்டிருக்கும், கோடை மழை வந்திருக்காது. காலை 11 மணிக்கு ஆரம்பித்து 2 மணிக்குள் பூசி முடித்துவிடுங்கள். குன்னூரில் என் வீட்டு முற்றத்தில் ஒரு டிசம்பரில், சாயங்காலம் நாலு மணிக்குக் கோடு போட வைத்தேன். ஐந்து மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் கோடு வழிந்து, நடுவில் தெருநாயின் நான்கு காலடி. அது மட்டும் இன்றுவரை அழியவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே கண்ணாடி மணித்தூள் தூவச் சொல்லுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுபவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது அதுதான். மேகமூட்டத்தில் வண்டி நிறுத்தத் தடவுகிற டூரிஸ்ட்களுக்கு உங்கள் கோடு தெரிய வேண்டுமே. தூள் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. பழைய கோடு இடம் மாறி இருந்தால் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். மழை ராத்திரியில் கறுப்பும் பளபளக்கும், இரண்டு கோடாகத் தெரியும்.

கேள்வி: கொடைக்கானலில் எட்டு வீடு உள்ள அடுக்ககம். எல்லாரும் பங்கு போட்டு பார்க்கிங் கோடு போட்டோம். ஒரு வருஷம் கேரண்டி என்று வாயால் சொன்னார்கள், பில் இருக்கிறது. மூன்றே மாதத்தில் உரிந்துவிட்டது. போனை எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய சேவை என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர். (மேலே உள்ள லாட்ஜ்காரருக்கு இது அவ்வளவு சுலபமில்லை, வணிக நோக்கத்துக்கு எடுத்த சேவை என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே வைக்கும்.) சங்கத்தின் பெயரில் போடாமல், பணம் கொடுத்த குடியிருப்பாளர்கள் நுகர்வோர் ஆணையத்தின் (நீங்கள் சொல்லும் நீதிமன்றம்தான்) அனுமதியோடு சேர்ந்து போடுவது பாதுகாப்பு. உங்களுக்குத் திண்டுக்கல் மாவட்ட ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸும் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுத்து. பல சில்லறைத் தகராறுகள் அந்தத் தபாலிலேயே முடிந்துவிடும். வாய்வார்த்தை கேரண்டியை நிரூபிப்பது கஷ்டம். வாட்ஸ்அப்பில் எப்போதாவது அதைப் பற்றிப் பேசியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். உரிந்த துண்டுகளை, முன்னே சொன்னபடி அடிப்பக்கம் தெரிய, தேதியோடு படம் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் கடை வாசலில் டூரிஸ்ட் வண்டிகள் வழிமறித்து நிற்கின்றன. ரோட்டில் நாங்களே மஞ்சள் கோடு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ரோடு உங்களுடையது இல்லை. உள்ளாட்சி அலுவலகத்திலும் போக்குவரத்துக் காவலிலும் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் காசு மிச்சம்.

கேள்வி: குன்னூரில் வீட்டு முன்னால் பேவர் பிளாக். ஒவ்வொரு மழைக்கும் கோடு போய்விடுகிறது. நிற்கிற பெயிண்ட் எது?

பதில்: பெயிண்டை விடுங்கள். கல்லுக்குக் கல் இடைவெளியில் பாசி முளைக்கும், கல் ஆடும், கோடு வெடிக்கும். கோடு வர வேண்டிய இடத்தில் இருக்கிற கற்களைப் பெயர்த்துவிட்டு மஞ்சள் அல்லது வெள்ளைக் கல்லைப் பதியுங்கள். 20-க்கு 10 செ.மீ. செவ்வகக் கல் என்றால் நீளவாக்கில் 5 மீட்டர் கோடு ஒன்றுக்கு 25 கல். நெளிநெளியான கல்லாக இருந்தால் வளைவு வளைவாகத்தான் கோடு வரும், பழகிவிடும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு பழைய கல்லைப் பெயர்த்துக் கையோடு கொண்டுபோங்கள். கனத்தில் 60 மில்லிமீட்டரும் உண்டு, 80-உம் உண்டு; கடையில் கண்ணால் பார்த்து ஒன்றுதான் என்று வாங்கி வந்தவர்கள், பிறகு அடியில் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.