ரோபோ சர்ஜன் ஆக பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கலாம்?

அம்மா, முதுகெலும்பு ரோபோ ஆபரேஷன் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து பையன் "இதைத்தான் படிப்பேன்" என்கிறான். "ரோபோடிக் சர்ஜரி" சர்டிஃபிகேட் படிப்பு இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட்டும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கோ, நாளைக்கு ரோபோவே எல்லாம் செய்துவிட்டால் டாக்டருக்கு என்ன வேலை என்ற பயம்.

அந்த ரோபோ கத்தி பிடிப்பதில்லை. இரண்டு முள்ளெலும்புகளை இணைக்க ஸ்க்ரூ போட வேண்டும். தசையை நீளமாகப் பிரிக்காமல் சிறிய கீறல் வழியாகப் போடுவதால் எலும்பு கண்ணுக்குத் தெரியாது. சிடி ஸ்கேனை வைத்து டாக்டர் திரையில் பாதை போட்டுக்கொடுக்கிறார். ரோபோவின் கை அந்தக் கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறது. துளையிடுவதும் ஸ்க்ரூ முடுக்குவதும் டாக்டர்தான். இஸ்ரேலின் மேசர் நிறுவனக் கருவிக்கு மருந்து, மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது 2004-லேயே. இத்தனை வருஷமாகியும் எந்த சர்ஜனும் வீட்டுக்குப் போகவில்லை.

போகவும் முடியாது. நடுமுதுகில் ஸ்க்ரூ நுழையும் எலும்பு சிலருக்கு 5 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, ஒட்டினாற்போல் தண்டுவடம். எலும்பு எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குக் காட்ட நோயாளியின் எலும்பில் பொருத்திய அடையாளச் சட்டத்தை யாரோ முழங்கையால் லேசாக இடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், ஸ்க்ரூ மட்டும் விலகிப் போகும். திரையை நம்பாமல் கையை நிறுத்துபவர்தான் சர்ஜன். அதற்கு எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், எம்எஸ் ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) மூன்று வருஷம், பிறகு ஸ்பைன் ஃபெலோஷிப் என்னும் முதுகெலும்புப் பயிற்சி. இடையில் எம்எஸ் சேர நீட் பிஜி நுழைவுத்தேர்வு வேறு. முப்பது வயதை நெருங்கிவிடுவான். அதுவரை வீடு தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீட் மதிப்பெண் எட்டாவிட்டால்? பையன் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்தது நல்லதாகப் போயிற்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் மருத்துவக் கருவிகளைப் பற்றிய பிஇ பயோமெடிக்கல் இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. மேலே படிக்க விரும்பினால் ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக் உண்டு. இந்தப் படிப்பில் வந்தவர்களுக்குக் கருவி நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது: எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரிலேயே ரோபோ பக்கத்தில் நிற்க வேண்டும். விடியற்காலை ஒரு ஊர், மறுநாள் இன்னொரு ஊர். வீடியோவில் அந்த ஆளைக் காட்டியிருக்கவே மாட்டார்கள்.

ஏஜென்ட் சொன்ன அந்த சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூவிலிருந்து நேராக சர்ஜனாக்கும் படிப்பு எதுவும் கிடையாது. முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.