ஸ்கேனில் கல் இல்லை என்று வந்த பிறகு சிடி எதற்கு?

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கிட்னிக் கல் இல்லையாம், வலி மட்டும் நிற்கவில்லையாம், டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது காசு பார்க்கத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகத்தில் நான் 11 நாள் வீணாக்கியவன்.

எனக்கு ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். ராத்திரி இரண்டு மணிக்கு இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தொடை இடுக்கு வரை இறங்கியது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. காலையில் பக்கத்தில் ஒரு சென்டரில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தேன். கல் தெரியவில்லை என்று ரிப்போர்ட். அதற்கு அடுத்த வரியில், இடது கிட்னி லேசாக வீங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்ததை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. வாய்வு என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி வலி வந்ததும் மச்சான் காரில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் பழைய ரிப்போர்ட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "கிட்னி சும்மா வீங்காதுங்க. கீழே எங்கேயோ அடைச்சிருக்கு" என்றார். கிட்னிக்குள் இருக்கும் கல் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரிந்துவிடும். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயின் நடுவில் சிக்கிய கல்லைக் குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். எக்ஸ்ரேயில் யூரிக் ஆசிட் கல் விழாது, சிடியில் அதுவும் விழும். ஊசி மருந்து ஏற்றாத சாதா சிடிதான், சில நிமிட வேலை. எனக்கு அந்தக் குழாயின் நடுவில் 6 மில்லிமீட்டர் கல் இருந்தது. உள்ளே குழாய் விட்டு உடைத்து எடுத்தார்கள்.

கதிர்வீச்சு ஆபத்து என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். உண்மைதான், சிடியில் கதிர்வீச்சு உண்டு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட் பார்க்கிறார்கள். கல்லுக்கென்று கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கும் முறையும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எல்லா வயிற்று வலிக்கும் சிடி எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை.

என் மனசு ஆறாதது வேறு விஷயத்தில். ஆஸ்பத்திரியில் இருந்த 5 நாளுக்கும் கம்பெனியில் சம்பளம் பிடித்தார்கள். 12 வருஷத்தில் சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்டதில்லை. சிடி ஃபிலிமையே கொண்டுபோய்க் காட்டினேன், "கல்லுக்கெல்லாம் லீவா" என்றார் சூப்பர்வைசர். நைட் ஷிப்டில் மூத்திரம் போக ஆள் மாற்றி விடமாட்டார்கள் என்பதால் தண்ணீர் குடிக்காமலே பழகிப்போனவர்கள் நாங்கள். கல் வராமல் என்ன செய்யும்?

சரி, உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். கிட்னி வீக்கத்தைத்தான் அப்படி எழுதுவார்கள். வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.