ஊர் அண்டாவும் வரி நோட்டும்: என் பெரியப்பா

கேள்வி: எந்தப் பதவியிலும் இல்லாமல் ஊருக்காக உழைத்த ஒருவரை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா. சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அவருக்கு ஒரு பலசரக்குக் கடை, கொஞ்சம் வயல், மூன்று பெண் பிள்ளைகள். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தவர்களிடம், "கடையை யாருவே பாக்கது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அவர் செய்ததில் பெரிது என்று நான் நினைப்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள், பெரியம்மாவும்தான். பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று 1976-இல் சட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. ஆனால் மனு எழுத ஆள் வேண்டுமே! பள்ளிக்கூடம் திறந்ததும், ராத்திரி கடை அடைத்த பிறகு பெரியப்பா திண்ணையில் உட்காருவார். அடையாள அட்டை, மார்க் ஷீட், பாங்க் பாஸ்புக் மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்ப்பார். அட்டையில் மாரியம்மாள், பாஸ்புக்கில் மாரி என்று இருந்தால் மனு திரும்பி வந்துவிடும். "முதல்ல பாங்குக்குப் போயி பேரைச் சரி பண்ணிட்டு வா தாயி" என்பார். நான் படித்ததும் அந்தப் பணத்தில்தான்.

அம்மன் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பதும் அவர்தான். கட்ட முடியாதவர்கள் பெயருக்கு நேரே தன் காசைப் போட்டு 'வரவு' என்று எழுதிவிடுவார். கொடைக் கணக்கு வாசிக்கும்போது யார் பெயரும் பாக்கி என்று கூட்டத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான். ஊர்ப்பணத்தில் ஒரு டீ குடிக்க மாட்டார். வீட்டுப் பணம் ஊருக்குப் போனதுதான் அதிகம், அதிலும் பெரியம்மாவின் பீடிச் சம்பளம்.

1992 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கடை அரிசியைப் பிரித்துக் கஞ்சி காய்ச்சினார். கடன் நோட்டில் 'தண்ணி' என்று ஒரு பக்கம் போட்டு மூட்டைக் கணக்கை எழுதினார். வசூலிக்கப் போகவே இல்லை.

அவரைத் தியாகி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நாலு பேர் தன்னைத் தேடி வருவது அவருக்குப் பிடிக்கும். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஆனால் மூன்று பெண்களையும் பாளையங்கோட்டைக்கு அனுப்பிக் காலேஜ் படிக்க வைத்தார். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு' என்று சொந்தக்காரர்கள் பேசியபோது அவர் காதிலேயே வாங்கவில்லை.

கல்யாணத்துக்கு வாடகையில்லாமல் கொடுக்கும் ஊர் அண்டா, சருவம், ஜமுக்காளம் எல்லாம் எங்கள் வீட்டு மச்சில்தான் கிடந்தன. எல்லாப் பாத்திரத்திலும் 'ஊர்ப்பொது' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அடிப்பிடித்துத் திரும்பி வரும் அண்டாவைப் புளி போட்டுத் துலக்குவது பெரியம்மா வேலை. "பேரு அவருக்கு, கரி எனக்கு" என்று முனகிக்கொண்டேதான் துலக்குவாள். அவள் சொல்வதில் பொய்யில்லை.

பெரியப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. உதவித்தொகை மனுவெல்லாம் இப்போது ஆன்லைன். இரண்டாவது அக்கா ஊருக்கு வந்தால் மொபைலிலேயே போட்டுக் கொடுக்கிறாள். கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போய்விட்டதால் பாத்திரங்களைக் கோயில் அறையில் சேர்த்துவிட்டோம். எண்ணிப் பார்த்ததில் இரண்டு அண்டா குறைந்தது. எந்த வீட்டில் இருக்கிறது என்று பெரியம்மாவுக்குத் தெரியும். கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.