பழைய லென்ஸுக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: தாத்தா தமது ஸ்டூடியோவில் பயன்படுத்திய யாஷிகா மேட் 124ஜி கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. லென்ஸில் 80 மி.மீ. என்று பொறித்திருப்பதைப் பார்த்து அந்த அளவில் மஞ்சள் ஃபில்டர் கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். 52 மி.மீ. ஃபில்டரை வைத்துப் பார்த்தும் மரை ஏறவில்லை. எதை வாங்குவது?
– ஒரு வாசகர், தேனி

பதில்: கடைக்காரர் சிரித்திருக்க வேண்டியதில்லை. 80 மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தொலைவு. ஃபில்டரின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் லென்ஸில் மரையே கிடையாது. விளிம்பை உற்றுப் பார்த்தால், ஃபில்டரைச் செருகிச் சற்றுத் திருப்பிப் பூட்டுவதற்கான அமைப்பு தெரியும். ரோலைஃப்ளெக்ஸ் கேமராக்களிலிருந்து வந்த இதற்கு ‘பேயனெட் 1’ என்று பெயர். பழைய கேமரா விற்பவர்களிடம் ‘பே ஒன்’ என்றால் எடுத்துத் தருவார்கள். அது கிடைக்காவிட்டால், பே ஒன்னில் பூட்டிக்கொண்டு முன்புறம் மரையுள்ள மாற்று வளையம் ஒன்றை வாங்கலாம். உங்கள் கேமராவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் உண்டு; மேலுள்ளது காட்சியைப் பார்ப்பதற்கு. வளையம் மிகப் பெரிதானால் மேல் லென்ஸின் விளிம்பில் இடிக்கும் என்பதால், சிறிய அளவையே தேர்ந்தெடுங்கள்.

படம் பதிவாவது கீழ் லென்ஸின் வழியாகத்தான் என்பதால் ஃபில்டரை அதில்தான் பூட்ட வேண்டும். இந்தக் கேமராவின் மீட்டர் லென்ஸ் வழியே வரும் ஒளியை அளப்பதில்லை. ஆகவே ஃபில்டர் விழுங்கும் ஒளியை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். நடுத்தர மஞ்சள் ஃபில்டருக்கு 2 மடங்கு ஒளி தேவை என்பதால், 400 ஏ.எஸ்.ஏ. (ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) ஃபிலிம் போட்டிருந்தால் மீட்டரை 200-இல் வைத்துவிடுங்கள். 8 மடங்கு கேட்கும் அடர்சிவப்பு ஃபில்டராயின் 50-இல் வையுங்கள். கழற்றியதும் பழைய எண்ணுக்குத் திருப்ப மறந்தால் மிச்சமுள்ள படங்களில் தேவைக்கு மேல் ஒளி ஏறிவிடும். நானே ஒரு சுருளை இப்படிக் கெடுத்திருக்கிறேன். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கிடைத்தால், அதை முதலில் மேல் லென்ஸில் பூட்டி, கண்ணாடியிலோ நீரிலோ தெரியும் பிரதிபலிப்பு மறையும்வரை சுழற்றிப் பார்த்து, அந்த நிலை மாறாமல் கீழ் லென்ஸுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்கு 58 மி.மீ. யு.வி. (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) ஃபில்டர் வாங்கினேன். பொருந்தாமல் கழன்று விழுகிறது. லென்ஸ் விளிம்பும் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தேனி வாசகரின் குழப்பம்தான் உங்களுக்கும். ஆனால் 58 மி.மீ. அளவில் ஃபில்டர் உண்மையிலேயே விற்பனையில் இருப்பதால் உங்களை யாரும் தடுக்கவில்லை. 58 என்பது இங்கும் குவியத் தொலைவே; ஃபில்டருக்கான மரை 49 மி.மீ. வாங்கியதை வீணாக்க வேண்டாம். 49-இலிருந்து 58-க்கு ஏற்றும் வளையம் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் விளிம்பு நசுங்கியிருக்கும்போது எதையும் பலவந்தமாகத் திருகாதீர்கள்; ஏறினாலும் மரை கெட்டு, பிறகு கழற்ற முடியாமல் போகும். விளிம்பை உட்புறமிருந்து விரித்து நிமிர்த்தும் கருவி கேமரா பழுதுபார்ப்பவர்களிடம் உண்டு. ஏற்கெனவே சிக்கிக்கொண்ட ஃபில்டராயின், அதன் விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பட்டையைப் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கிப் பிடித்தால் வளையம் நெளிந்து மேலும் இறுகும்.

யு.வி. ஃபில்டர் தேவைதானா என்பதையும் யோசியுங்கள். வெயிலுக்கு எதிரே திரும்பினாலே ஹீலியோஸில் படம் வெளிறும். அதன் முன்னே மலிவான கண்ணாடி ஒன்று கூடினால் வெளிறல் மிகும். அந்தப் பணத்துக்கு, பக்கவாட்டு வெயிலை மறைக்கும் ஒரு லென்ஸ் ஹூட் வாங்கியிருப்பேன்.