சரியாக 30 வினாடியில் நிற்கும் அறிக்கை: கனெக்‌ஷன் டைம்அவுட்டைக் கூட்டிப் பயனில்லை

வணக்கம். சாட்ஸ்வொர்த் கிடங்கிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்துக்குப் போகும் இருப்பு அறிக்கை மாதக் கடைசியில் மட்டும் சரியாக 30 வினாடியில் நின்றுவிடுகிறது, கனெக்‌ஷன் டைம்அவுட்டை 300 ஆக்கியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த 30தான் துப்பு. கனெக்‌ஷன் டைம்அவுட் என்பது சர்வரின் கதவு திறக்கும்வரை காத்திருக்கும் நேரம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய மென்பொருளில் அது வழக்கமாக 15 வினாடி. உள்ளே போன பிறகு கேள்விக்குப் பதில் வரக் காத்திருப்பது கமாண்ட் டைம்அவுட், அதுதான் 30. ஆக உங்கள் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. நெட்வொர்க் ஆளை அலைக்கழிக்காதீர்கள், பாவம்.

அறிக்கை தொங்கி நிற்கும்போதே சர்வரில் எஸ்பி_ஹூ2 (sp_who2) என்ற கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள்; யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று அது காட்டும். உங்கள் வரியில் தடுப்பவரின் எண் தெரிந்தால், பெரும்பாலும் மாதக் கணக்கு முடிக்கும் வேலைதான் தரவு டேபிளைப் பூட்டி வைத்திருக்கிறது. அறிக்கையை அது முடிந்த பிறகு ஓட்டுங்கள்.

தடுப்பு இல்லையா? அப்படியானால் தேதி வடிகட்டியைப் பாருங்கள். டர்பனில் நான் வேலை செய்த இடத்தில் இதனால் இரண்டு வாரம் தவித்தோம். தேதிப் பத்தியை இயர், மந்த் என்ற ஃபங்ஷன்களுக்குள் போட்டால், அதில் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இருந்தாலும் சர்வர் நேராகத் தேடிப் போகாமல் எல்லா வரிகளையும் படிக்கும். '1ஆம் தேதி முதல், அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு முன்வரை' என்று மாற்றுங்கள்.

கமாண்ட் டைம்அவுட்டை 120 ஆக்கி இன்றைய அறிக்கையை எடுத்துவிடலாம். அப்புறம் எஸ்பி_ஹூ2 என்ன காட்டியது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.